மெல்லிய வெட்டு, நாள்தோறும்: சிறு பழக்கங்களின் அறிவியல்

மாணவர்களே, ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதை நேரில் பார்த்திருக்கிறீர்களா? மலாக்காவின் பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. அதனால் மஸ்ஜித் தானா பக்கம் வளரும் உங்களில் பலர் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் கேளுங்கள். கத்தி பிடிக்கும் விதத்தைக் கையை அசைத்தே காட்டிவிடுவார்கள்.

ஒவ்வொரு முறையும் சீவி எடுக்கும் பட்டை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்தான். கத்தி ஆழமாக இறங்கினால் பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்படை காயப்படும்; அந்த இடத்தில் புதுப் பட்டை ஒழுங்காக வளராது. அமேசான் காடுகளில் அக்காலத்தில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். மரங்கள் சீக்கிரம் பாழாயின. 1890-களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி வேறு வழியைக் காட்டினார். புதிது புதிதாகக் கொத்தாமல், பழைய வெட்டையே மெல்லியதாகச் சீவித் திறக்கும் முறை அது. முதல் சில வெட்டுகளில் பால் குறைவாகவே வரும். அதே வெட்டைத் தொடர்ந்து திறக்கத் திறக்க ஓட்டம் கூடும். 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பவர் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் நம் மாநிலத்தில்தான் தொடங்கியது.

ஆழமாக ஒரு நாள் வெட்டுவதைவிட மெல்லியதாகப் பல நாள் வெட்டுவதே பலன் தரும். மனிதப் பழக்கங்களை ஆராய்ந்த அறிவியலாளர்களும் ஏறக்குறைய இதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

உழைப்பு போனது, உணவு மாறவில்லை

பால்மரக்காட்டு வேலை விடியுமுன் பெரட்டில் தொடங்கும். வெயில் ஏறினால் மரத்தின் நீரழுத்தம் குறைந்து பால் ஓட்டமும் குறையும் என்பதால் இருட்டிலேயே வெட்டப் போவார்கள். நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடை, குனிதல், நிமிர்தல். பிறகு காண்டாவில் பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து வருதல். ஒரு தட்டு நிறையச் சோறும் சர்க்கரை போட்ட தேநீரும் அந்த உடம்புக்கு எரிபொருள். நண்பகலுக்குள் அது எரிந்து போகும்.

இன்று லயத்திலிருந்து தாமானுக்கு வந்துவிட்டோம். பள்ளிக்குப் பேருந்து, கடைக்கு மோட்டார் சைக்கிள். ஆனால் தட்டில் சோறும் தேநீரில் சர்க்கரையும் குறையவில்லை. செலவாகாத சர்க்கரை எங்கே போகும்?

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு ஒரு விடை தந்தது. 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. இதில் மரபணுவுக்கும் பங்குண்டு. தெற்காசிய வம்சாவளியினருக்கு உடல் எடை அவ்வளவு கூடாமலே நீரிழிவு வரக்கூடும். மரபணுவை மாற்ற முடியாது. ஆனால் சாப்பிடுவது, நடப்பது, தூங்குவது ஆகிய மூன்றும் பெரும்பாலும் பழக்கங்கள். பழக்கத்தை மாற்றலாம்.

மூளை எப்படிப் பழகுகிறது?

முதன்முதலாகச் சைக்கிள் ஓட்டிய நாளை நினைத்துப் பாருங்கள். கைப்பிடி, மிதி, பிரேக் என்று ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்தீர்கள். இன்று நண்பனோடு பேசிக்கொண்டே ஓட்டுகிறீர்கள்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கழகத்தில் ஆன் கிரேபியல் என்ற நரம்பியல் அறிஞரின் குழு இதை எலிகளிடம் ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டது. ஆங்கில 'டி' எழுத்து வடிவப் பாதையில் எலி ஓட வேண்டும். ஓர் ஒலி கேட்கும். அதற்கேற்ப இடமோ வலமோ திரும்பினால் தின்பண்டம் கிடைக்கும். பழகாத நாள்களில் எலி ஓடும் வழி முழுவதும், மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்லியா என்னும் நரம்பு முடிச்சுப் பகுதியில் பரபரப்பு இருந்தது. நன்கு பழகியபின் அந்தப் பரபரப்பு தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் குவிந்தது. பல அசைவுகளை மூளை ஒரே கட்டாகக் கட்டி வைத்துவிட்டது எனலாம். தொடக்க அடையாளம் கிடைத்ததும் கட்டு முழுவதும் தானாக அவிழும்.

ஆகவே ஒரு பழக்கத்துக்கு மூன்று உறுப்புகள் தேவை: தொடங்கி வைக்கும் ஓர் அடையாளம், செய்யும் செயல், முடிவில் கிடைக்கும் நிறைவு. தோட்டத்தில் பெரட்டு மணி அடையாளமாக இருந்தது. உங்கள் கைப்பேசியின் 'டிங்' ஒலியும் ஓர் அடையாளம்தான். அது உங்களைக் கேட்காமலே உங்களுக்குள் ஒரு பழக்கத்தை உருவாக்கிவிட்டது.

21 நாளா, 66 நாளா?

'21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்த எண் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர் 1960-இல் எழுதிய நூலிலிருந்து பரவியது. மாறிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்பது அவர் கவனித்தது. 'குறைந்தது' என்ற சொல் வழியில் தொலைந்து போயிற்று.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 96 பேரை வைத்து இதை அளந்தார்கள். ஒவ்வொருவரும் மதிய உணவோடு பழம் உண்பது, இரவு உணவுக்குமுன் 15 நிமிடம் ஓடுவது போன்ற ஒரே ஒரு செயலைத் தேர்ந்துகொண்டு, 84 நாள் அதே சூழலில் செய்ய முயன்றார்கள். 2009-இல் வெளிவந்த முடிவின்படி, செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்த நாள்களின் இடைநிலை எண் 66. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது. இன்னொரு முனையில் 254 நாள் ஆகும் என்று கணக்கீடு காட்டியது. தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்கள் விரைவில் படிந்தன. உடற்பயிற்சிக்கு நாள் அதிகம் பிடித்தது.

21-ஆம் நாளில் இன்னும் கடினமாக இருந்தால் 'எனக்கு மன உறுதி இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். பால் ஓட்டம் கூடும் கட்டத்துக்கு நீங்கள் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

'முயல்வேன்' என்பது போதாது

2002-இல் இங்கிலாந்தில் 248 மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. வாரத்தில் ஒரு முறையாவது 20 நிமிடம் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது இலக்கு. முதல் குழுவுக்குத் தனி ஊக்கம் எதுவும் தரப்படவில்லை. இரண்டாம் குழு உடற்பயிற்சியால் இதயத்துக்கு வரும் நன்மைகளைப் படித்தது. மூன்றாம் குழு அதைப் படித்ததோடு, எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்றும் எழுதி வைத்தது. முதலிரண்டு குழுக்களிலும் பத்தில் நான்கு பேர்கூடச் செய்யவில்லை. மூன்றாம் குழுவில் பத்தில் ஒன்பது பேர் செய்து முடித்தார்கள்.

அறிவுரை கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதைக் கவனியுங்கள். வேறுபாட்டைத் தந்தது ஒரே ஒரு வாக்கியம். ஆகவே உங்கள் இலக்கையும் இப்படி எழுதுங்கள்: '__________ முடிந்ததும், நான் __________ செய்வேன்.' முதல் இடத்தில் ஏற்கெனவே நாள்தோறும் நடக்கும் ஒன்றை வையுங்கள். பல் துலக்குவது, பேருந்திலிருந்து இறங்குவது, சாப்பிட்ட தட்டைக் கழுவுவது எல்லாமே நல்ல அடையாளங்கள்.

நான்கில் ஒன்று

கீழே நான்கு சிறு இலக்குகள் உள்ளன. நான்கையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ஒன்றை மட்டும் எடுங்கள்.

*1. ஒரு கரண்டி குறைவு.* அடுத்த முறை குளிர்பான டின்னைத் திருப்பிப் படியுங்கள். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால், 325 மில்லிலிட்டர் டின்னில் 32.5 கிராம், அதாவது ஏறத்தாழ எட்டுத் தேக்கரண்டி இருக்கும். சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் கூடுதல் நன்மை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டின்னிலேயே அந்த எல்லை தாண்டிவிடுகிறது. 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு நம் அரசாங்கம் 2019 ஜூலை 1 முதல் லிட்டருக்கு 40 சென் வரி விதித்ததும் இதனால்தான். வரி பிறகு உயர்ந்தது. நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: 'கடையில் உட்கார்ந்ததும், முதலில் குராங் மானிஸ் என்று சொல்வேன்.' வீட்டுத் தேநீரில் மூன்று கரண்டி என்றால் இரண்டாக்குங்கள். நாக்கு மெல்ல அதற்குப் பழகிக்கொள்ளும்.

*2. சாப்பிட்டபின் பத்து நிமிடம்.* தசை சுருங்கும்போது, இன்சுலினின் உதவியை எதிர்பார்க்காமலே இரத்தத்திலிருந்து குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும் வழி அதற்கு உண்டு. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் நீரிழிவு உள்ள 41 பேர் பங்கேற்றார்கள். நாளில் ஏதோ ஒரு நேரம் 30 நிமிடம் நடப்பதைவிட, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் 10 நிமிடம் நடந்தபோது, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை சராசரியாக 12 விழுக்காடு குறைந்தது. இரவு உணவுக்குப் பின் 22 விழுக்காடு குறைந்தது. மொத்த நடை நேரம் ஒன்றுதான்; மாறியது நடந்த வேளை. வீட்டில் அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ நீரிழிவு இருந்தால், 'தட்டைக் கழுவியதும், இருவரும் தாமானை ஒரு சுற்று சுற்றி வருவோம்' என்று எழுதுங்கள். நீங்கள் அழைத்தால் அவர்கள் வருவார்கள். மருந்து, ஊசி பற்றிய முடிவுகளை மட்டும் கிளினிக் மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.

*3. கைப்பேசிக்குத் தனிப் படுக்கை.* பதின்ம வயதில் உடலின் உள்கடிகாரம் இயல்பாகவே பின்தள்ளிப் போகிறது. இரவில் தூக்கம் தாமதமாக வருவதைச் சோம்பல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னுக்கு நகர்த்தப்பட்டது. நம் நேரம் கிழக்கு 120 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. மஸ்ஜித் தானாவோ ஏறத்தாழ 102 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் 18 பாகைக்கு 72 நிமிடம். சுவர்க் கடிகாரத்தில் காலை 5.30 ஆகும்போது சூரியக் கணக்கில் மணி ஏறத்தாழ 4.18. எழும்போது வெளியே கும்மிருட்டாக இருப்பதன் காரணம் இதுதான். உங்கள் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. 5.30-க்கு எழுபவர் 9.30-க்காவது உறங்க வேண்டும். 'இரவு 9 மணிக்குக் கைப்பேசியை வரவேற்பறையில் சார்ஜ் போடுவேன்' என்பது நல்ல தொடக்கம். ஓய்வு வேளையில் சிற்றுண்டிச்சாலைக்கு வெளியே வெளிச்சத்தில் சற்று நில்லுங்கள். பகல் வெளிச்சம் உள்கடிகாரத்தைச் சரிசெய்யும்.

*4. மூன்று நல்லவை.* மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் ஒவ்வோர் இரவும் அன்று நடந்த மூன்று நல்லவற்றையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுதியவர்களின் மகிழ்ச்சி, ஆறு மாதம் கழித்து அளந்தபோதும் கூடியிருந்தது. 'நாசி லெமாக்கில் முட்டை பெரிதாக இருந்தது' என்பதும் கணக்கில் சேரும். ஆனால் கவலையோ சோகமோ வாரக்கணக்கில் விடாமல் இருந்தால் நோட்டுப் புத்தகம் போதாது. ஆசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ பேசுங்கள்.

எடையை இலக்காக வைக்காதீர்கள். நீங்கள் வளரும் வயதில் இருக்கிறீர்கள்; எலும்பும் தசையும் கூடும்போது எடையும் கூடும். உங்கள் கையில் இருப்பது செயல். அதையே எண்ணுங்கள்.

தவறிப் போன நாள்

தேர்வு, காய்ச்சல், கோயில் திருவிழா என்று ஏதாவது ஒரு நாள் தடுக்கும். லாலியின் ஆய்வில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. மழை பெய்து மரம் நனைந்தால் பால் வெட்டு நின்றுவிடும். அதற்காக மறுநாள் யாரும் புதுமரம் தேடிப் போனதில்லை. அதே வெட்டில் கத்தியை வைத்தார்கள். விட்ட நாளை ஈடுகட்ட இரட்டிப்பாகச் செய்யவும் வேண்டாம். மறுநாள் வழக்கமான அளவு போதும்.

செய்து பாருங்கள்: 66 நாள் வரைபடம்

1. ஒரு வரைபடத் தாளை எடுங்கள். கிடை அச்சில் வாரங்கள் 1 முதல் 10 வரை, நிலை அச்சில் மதிப்பெண் 0 முதல் 10 வரை குறியுங்கள். 66 நாள் என்பது ஒன்பது வாரமும் மூன்று நாளும்.

2. உங்கள் வாக்கியத்தைத் தாளின் மேலே எழுதுங்கள். செயல் இரண்டே நிமிடத்தில் தொடங்கக்கூடியதாக இருக்கட்டும்.

3. செய்த நாள்களை நாள்காட்டியில் வட்டமிடுங்கள். செய்யாத நாளை வெறுமனே விட்டுவிடுங்கள்.

4. ஒவ்வொரு ஞாயிறும் உங்களையே கேளுங்கள்: 'இந்த வாரம் இதை எவ்வளவு யோசிக்காமல் செய்தேன்?' ஒவ்வொரு முறையும் போராடினால் 0. கை தானாகச் செய்தால் 10. அந்தப் புள்ளியைக் குறியுங்கள்.

5. பத்து வாரம் கழித்துப் புள்ளிகளை இணையுங்கள். தொடக்கத்தில் கோடு வேகமாக ஏறிப் பிறகு தட்டையாகிறதா? லாலியின் ஆய்வில் பலருக்கு அப்படித்தான் வந்தது. உங்கள் கோடு வேறு மாதிரி இருந்தால் அடையாளத்தை மாற்றிப் பாருங்கள். நேரம், இடம், முந்தைய செயல் ஆகியவற்றில் ஒன்றை மட்டும் ஒரு நேரத்தில் மாற்றுங்கள். சோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறீர்கள் அல்லவா?

வீட்டில் இன்னொருவரும் தமக்கென ஒரு கோடு வரைந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும். பாட்டியின் கோடு உங்களுடையதைவிட வேகமாக ஏறினால் வியப்படைய வேண்டாம். விடியுமுன் எழுந்து ஒரே வேலையை ஆண்டுக்கணக்கில் செய்தவர் அவர்.