நான்கு கணிப்பொறிகளுக்கு ஒரு பெட்டகம்

(மூன்றாம் ஆண்டு, இளநிலைக் கணினி அறிவியல்)

அம்பத்தூர் தொழிற்பேட்டையை அறியாதார் நம் கல்லூரியில் குறைவு. நம்மில் பலருடைய தந்தையரோ தமையன்மாரோ அங்கே ஏதேனும் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர்களாகவே இருப்பர். 1960களில் தோன்றிய அந்தப் பேட்டையின் உட்சந்து ஒன்றில் என் தாய்மாமன் ஒரு சிறிய அலுவலகம் நடத்துகிறார். பட்டறைகளுக்கு வேண்டிய டை, ஜிக், ஃபிக்சர் ஆகியவற்றுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். வரைபடம் போடுவோர் மூவர். கணக்கெழுதும் அக்கா ஒருவர். ஆக நான்கு கணிப்பொறிகள். இவ்வளவுதான் அலுவலகம்.

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3, 4 நாள்களில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அம்பத்தூர்ப் பேட்டையிலும் கிண்டிப் பேட்டையிலும் வெள்ளம் புகுந்து இயந்திரங்கள் மூழ்கின. மாமாவின் அலுவலகத்தில் முழங்காலளவு தண்ணீர். மேசைக்கு அடியில் தரையில் நின்ற சி.பி.யு. பெட்டிகள் நான்கில் மூன்று சேற்றில் கிடந்தன. பெட்டியை இழந்ததற்கு மாமா வருந்தவில்லை. அவற்றுள் இருந்த ஆறாண்டு வரைபடங்களுக்காகத்தான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பழைய டை தேய்ந்துவிட்டது, அதே போல் இன்னொன்று வேண்டும் என்று வருகிறவரிடம், வரைபடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? சிலவற்றை வாடிக்கையாளர்களிடமிருந்தே திரும்பக் கேட்டு வாங்கினோம். சில கிடைக்கவேயில்லை.

அப்போது நான் முதலாமாண்டு மாணவன். “நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிறே? இதுக்கு ஒரு வழி சொல்லு” என்றார் மாமா. 2024 ஜனவரியில், பொங்கல் விடுமுறையில், நான் சொன்ன வழியும் அதில் நான் செய்த பிழையுமே இக்கட்டுரை.

வழி இதுதான். ஒவ்வொரு கணிப்பொறியிலும் தனித்தனியே கோப்புகளை வைக்காமல், எல்லாருக்கும் பொதுவாக ஒரு பெட்டகம் வைப்பது. இதை நெட்வொர்க் ஸ்டோரேஜ் என்பர். சுருக்கமாக ‘நாஸ்’ என்று ரிச்சி தெருக் கடைக்காரர்கள் சொல்வார்கள். டிபன் பெட்டி அளவே இருக்கும். உள்ளே ஹார்ட் டிஸ்குகள், ஒரு சிறு கணிப்பொறி, பின்புறம் நெட்வொர்க் கேபிள் செருக ஓர் ஓட்டை. திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. அலுவலகத்தில் உள்ள வேறொரு கணிப்பொறியின் பிரௌசரில் அதன் முகவரியைத் தட்டினால் அதன் அமைப்புப் பக்கம் திறக்கும்.

1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் இயந்திரத்தின் டிஸ்க் பெட்டியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அவ்வளவு தட்டுகளும் சேர்ந்து கொண்டது 50 இலட்சம் எழுத்துகள்தான். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே படத்துக்கு அந்த இடம் போதாமற் போகலாம். இன்னொரு செய்தி நம்மைப் போன்ற மாணவர்களுக்கு உவப்பானது. விண்டோஸ் கணிப்பொறியும் லினக்ஸ் கணிப்பொறியும் ஒன்றன் கோப்பை மற்றொன்று எடுத்துக்கொள்ள உதவும் ‘சாம்பா’ என்னும் மென்பொருளை எழுதத் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜல். 1990களின் தொடக்கம் அது. இன்று கடையில் விற்கும் இத்தகைய பெட்டிகள் பலவற்றின் உள்ளே ஓடுவது லினக்ஸும் சாம்பாவுமே.

இனி எங்கள் வேலைக்கு வருவோம். இரண்டு டிஸ்க் செருகும் பெட்டி ஒன்றும், 4 டெராபைட் டிஸ்குகள் இரண்டும் வாங்கினோம். டிஸ்க் வாங்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. இரவும் பகலும் சுழல்வதற்கென்றே செய்த டிஸ்குகள் தனியே உண்டு. அவற்றிலும் பதிவு செய்யும் முறையைப் பார்த்து வாங்க வேண்டும். ஓட்டு வேய்வது போல் ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடம் சற்றே ஏறியிருக்கும்படி எழுதும் முறை ஒன்று உண்டு, எஸ்.எம்.ஆர். என்பது அதன் பெயர். அதில் இடம் மிச்சமாகும். ஆனால் பழுதான டிஸ்கை மாற்றிப் புதியதில் எல்லாவற்றையும் மீண்டும் எழுதும் நேரத்தில் அது மிகவும் திணறும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், நாஸ் பெட்டிகளுக்கென்று விற்ற ரெட் வகை டிஸ்குகள் சிலவற்றில் இம்முறை இருப்பதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஆகவே கடைக்காரரிடம் சி.எம்.ஆர். வகைதானா என்று கேட்டு, மாடல் எண்ணையும் சரிபார்த்தே வாங்கினேன்.

இரண்டு டிஸ்கையும் ‘மிரர்’ முறையில் இணைத்தேன். ஒன்றில் எழுதுவதெல்லாம் அதே கணத்தில் மற்றொன்றிலும் எழுதப்படும். ஒன்று பழுதானாலும் அலுவலகம் நிற்காது. விலை மலிந்த பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றுபோல் நடத்தும் இத்தகைய முறைகளுக்கு ‘ரெய்ட்’ என்று பெயரிட்டு வகைப்படுத்தியவர்கள் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர். அவர்கள் கட்டுரை 1988இல் வந்தது. மிரர் முறையில் இரண்டு டிஸ்குக்குக் காசு கொடுத்து ஒரு டிஸ்கின் இடத்தைத்தான் பெறுகிறோம். அந்த 4 டெராபைட்டும் திரையில் 3.6 என்றே தெரியும். “கடைக்காரன் ஏமாத்திட்டானா?” என்றார் மாமா. ஏமாற்று இல்லை. டிஸ்க் செய்பவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி எண்ணுகிறார். விண்டோஸ் 1024 ஆகப் பெருக்கி எண்ணுகிறது. அளக்கும் படி வேறு, அவ்வளவுதான்.

எங்கே வைப்பது என்பதில் பெரிய விவாதம் நடந்தது. மாமாவுக்கு இரும்பு பீரோவில் பூட்டி வைக்க ஆசை. நகை என்றால் சரி. இது மூச்சு விட வேண்டிய பொருள். ஒருநாள் சோதித்துப் பார்த்தோம். மாலைக்குள் டிஸ்கின் சூடு 50 பாகையைத் தாண்டியது. பிறகு சுவரில் ஆறடி உயரத்தில் பலகை அடித்து, காற்றோட்டமாக வைத்தோம். ஆறடி என்பது நான் சொன்ன கணக்கு. முழங்கால் தண்ணீரைக் கண்ட மாமா ஏழடி வைக்கலாமா என்று கேட்டார்!

முதல்நாள் 200 கிகாபைட் வரைபடங்களைப் பெட்டிக்குள் அனுப்பியபோது வேகம் நொடிக்கு 11 மெகாபைட்டுக்கு மேல் ஏறவில்லை. அப்படியே விட்டால் ஐந்து மணி நேரம் ஆகும். பெட்டியில்தான் பழுது என்று நான் நினைத்தேன், அது தவறு. இண்டர்நெட்டுக்காக வைத்திருந்த ரவுட்டரின் ஓட்டைகள் பழைய 100 மெகாபிட் வகை. நொடிக்கு 100 மெகாபிட் என்றால், எட்டால் வகுத்துச் சேதாரமும் கழித்தால் 11 மெகாபைட்தான் மிஞ்சும். கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று வாங்கி எல்லாக் கேபிளையும் அதில் செருகினேன். மூன்று கணிப்பொறிகளில் வேகம் 110ஐத் தொட்டது. ஒன்றில் மட்டும் அதே 11. ஒரு மணி நேரம் தேடிய பின் தெரிந்தது, அந்தக் கேபிளின் முனையில் ஒரு கம்பி அறுந்திருந்தது. கிகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும். நான்கு இருந்தாலே பழைய வேகம் ஓடிவிடும். அதனால்தான் கேபிள் கெட்டது வெளியில் தெரியாமலே இருந்திருக்கிறது.

அடுத்து முகவரி. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் தானே ஒரு முகவரி கொடுக்கும். இன்று ஒன்று, நாளை வேறொன்று. கணிப்பொறிக்கு அதனால் கேடில்லை. பெட்டகத்தின் முகவரி மாறினாலோ காலையில் வந்தவர்கள் ‘போல்டரைக் காணோம்’ என்று கூச்சலிடுவார்கள். எனவே ரவுட்டர் பகிர்ந்து கொடுக்கும் எண்களுக்கு வெளியே ஓர் எண்ணைப் பெட்டகத்துக்கு நிலையாகக் கொடுத்தேன். நால்வருக்கும் தனித்தனிப் பெயரும் கடவுச்சொல்லும் அமைத்தேன். வரைபட போல்டர் மூவருக்கும் பொது. கணக்கு போல்டர் அக்காவுக்கும் மாமாவுக்கும் மட்டும். டாலி கணக்கை அக்காவின் கணிப்பொறியிலேயே ஓடவிட்டு, நாள்தோறும் அதன் பேக்கப் மட்டும் பெட்டகத்துக்கு வரும்படி செய்தேன். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, ஆண்டறிக்கை அளிக்க வேண்டிய கெடுநாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காக்க வேண்டும் அல்லவா? வெள்ளம் வந்தது என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மின்சாரம் பற்றியும் ஒரு சொல். அலுவலகத்தில் இன்வெர்ட்டர் இருந்தது. ஆனால் பேட்டரி தீரப்போகிறது என்பதை அது யாரிடமும் சொல்லாது. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் அற்றுப்போனால் கோப்பு பாதியில் சிதையலாம். யு.எஸ்.பி. கேபிளால் பெட்டகத்தோடு பேசும் சிறு யு.பி.எஸ். ஒன்று வாங்கினோம். மின்சாரம் போய்ச் சில நிமிடங்களில் வராவிட்டால், பெட்டகம் தானே கோப்புகளை மூடிவிட்டு அணைந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் நான் பெருமையோடு, “இனி எதுவும் போகாது மாமா, ரெண்டு டிஸ்க் இருக்கு” என்றேன்.

ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் கல்லூரிக்கே மாமா போன் செய்தார். வரைபடம் போடும் அண்ணன் ஒருவர் இடம் ஒழுங்குபடுத்தும்போது வாடிக்கையாளர் ஒருவரின் போல்டர் முழுவதையும் தவறுதலாக அழித்துவிட்டார். “ரெண்டு டிஸ்க் இருக்குன்னு சொன்னியே? இன்னொண்ணுல இருந்து எடுத்துக் குடுப்பா” என்றார் மாமா. என்னால் பேச முடியவில்லை. மிரர் என்றால் கண்ணாடி. இங்கே அழித்தால் அதே கணத்தில் அங்கேயும் அழியும். டிஸ்க் பழுதாவதற்குத்தான் அது காப்பு. நம் கை செய்யும் பிழைக்கு அது காப்பு இல்லை. இதை நான் படித்திருந்தேன். படித்தது கைக்கு வரவில்லை. நல்லவேளையாக அந்த அண்ணனிடமே ஒரு மாதத்துக்கு முந்தைய படி பென் டிரைவில் இருந்தது. இடைப்பட்ட ஒரு மாத வேலையை மூவரும் இரவு பத்து மணி வரை உட்கார்ந்து ஒரு வாரத்தில் திரும்பப் போட்டார்கள். என்னை ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

அதன் பிறகு இரண்டு காரியங்கள் செய்தேன். முதலாவது, ‘ஸ்நாப்ஷாட்’. பெட்டகம் மணிக்கொரு முறை தன் நிலையைக் குறித்து வைத்துக்கொள்ளும். கோப்பை முழுதாகப் படியெடுப்பதில்லை; மாறிய பகுதிகளின் பழைய வடிவத்தை மட்டும் அழியாமல் நிறுத்தி வைக்கும். ஆதலால் இடம் அதிகம் தின்னாது. காலை பதினொரு மணிக்கு அழித்ததைப் பத்து மணி நிலையிலிருந்து எடுத்துவிடலாம். இரண்டாவது, தனியே இரண்டு வெளி டிஸ்குகள். ஒன்று இரவுதோறும் பெட்டகத்திலிருந்து படியெடுக்கும். மற்றொன்று ஆவடியில் மாமா வீட்டு மாடியில் இருக்கும். வெள்ளிதோறும் இடம் மாறும். மூன்று படிகள், இரண்டு வகைக் கருவிகள், ஒரு படி வேறிடத்தில் என்னும் 3-2-1 விதியை வல்லுநர்கள் சொல்வார்கள். பீட்டர் குரோ என்னும் புகைப்படக் கலைஞர் பரப்பியது அது. எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, “அம்பத்தூரில் பெய்கிற மழை ஆவடியில் பெய்யாதா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நடப்பு வேலைகளின் போல்டரை மட்டும் மறைகுறியிட்டு இண்டர்நெட் வழியே வேறோர் ஊரின் சேமிப்பகத்துக்கும் அனுப்புகிறோம்.

வீட்டிலிருந்தே பெட்டகத்தைத் திறக்க வேண்டும் என்று மாமா பலமுறை கேட்டார். ரவுட்டரில் வழி திறந்துவிட்டால் எளிதாக முடியும், நான் மறுத்துவிட்டேன். 2022 ஜனவரியில் ‘டெட்போல்ட்’ என்னும் பணயத் தீநிரல், இண்டர்நெட்டுக்கு நேரே திறந்திருந்த க்யூநாப் பெட்டிகளைத் தாக்கிக் கோப்புகளைப் பூட்டி, விடுவிக்க 0.03 பிட்காயின் கேட்டது. நாம் திறக்கும் வழி நமக்கு மட்டும் திறப்பதில்லை. 2017 மே மாதத்தில் உலகை உலுக்கிய ‘வான்னாக்ரை’ பரவியதும் கோப்புப் பகிர்வின் பழைய முதற்பதிப்பிலிருந்த ஓட்டை வழியேதான். அந்தப் பழம்பதிப்பை எங்கள் பெட்டகத்தில் அணைத்து வைத்திருக்கிறேன். ஆலையிலிருந்து வரும்போதே இருக்கும் ‘அட்மின்’ பெயரையும் முடக்கிவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தே தீர வேண்டுமானால் வி.பி.என். வழி இருக்கிறது, அதை அடுத்த விடுமுறையில் செய்து தருவதாக இரண்டு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை நான் அங்கே போவேன். வெளி டிஸ்கிலிருந்து ஏதேனும் ஐந்து வரைபடங்களை எடுத்து, வேறு கணிப்பொறியில் திறந்து பார்ப்பேன். திறக்காத படி படியே அல்ல. 2024 ஆகஸ்டில் ஒருமுறை திறக்கவில்லை. கேபிள் தளர்ந்து மூன்று வாரமாகப் படியெடுப்பே நடந்திருக்கவில்லை. பெட்டகம் மின்னஞ்சலில் எச்சரித்துக்கொண்டே இருந்திருக்கிறது, யாரும் திறந்து பாராத ஒரு முகவரிக்கு. இப்போது அது அக்காவுக்குப் போகிறது.

2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயலில் சென்னை மீண்டும் நனைந்தது. முதல்நாள் வெள்ளி மாலையே மாமா வெளி டிஸ்கைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, டிபன் பையில் போட்டுக்கொண்டு அம்பத்தூர் நிலையத்தில் ரயில் ஏறினாராம். சி.பி.யு. பெட்டிகள் நான்கும் மேசைமேல் ஏற்றப்பட்டிருந்தன. மறுநாள் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது எனக்குப் போன் வந்தது. பெட்டகத்தைப் பற்றியோ என்று பதறி எடுத்தேன். “மாடிக்கு வாப்பா, பஜ்ஜி போட்டிருக்கு” என்றார் மாமா.