சூட்கேஸில் அரிசி வேண்டாம்... வெளிநாட்டுப் பொங்கலுக்கு சாமை போதும்!

பொங்கலுக்கு அம்மா கட்டித் தரும் பச்சரிசிப் பொட்டலத்தோடு அமெரிக்கா ஃப்ளைட் ஏறப்போறீங்களா? ஏர்போர்ட்டிலேயே பறிகொடுக்க வேண்டியிருக்கும். இந்தியாவிலிருந்து வரும் பயணிகள் லக்கேஜில் அரிசி கொண்டுவர அங்கே 2011-லிருந்து தடை. காரணம், காப்ரா வண்டு. சாக்கு இடுக்கில் தீனியே இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்து, பிறகு குடோனையே காலி பண்ணும் பூச்சி அது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் அனுமதி இல்லை. எதைக் கொண்டுபோனாலும் மறைக்காமல் சொல்லிடுங்க, மறைத்தால் அபராதம்.

மத்ததெல்லாம் அங்கேயே தேறிடும். கரும்பும் ஃப்ரோசன் வாழை இலையும் சீன, வியட்நாம் கடைகளில். வெல்லம் தீர்ந்துபோச்சா? மெக்சிகோ, கொலம்பியாக்காரங்க கடையில் 'பனேலா' கேளுங்க. அதுவும் கரும்புச்சாறு காய்ச்சிய கட்டிதான். இலையோடு மஞ்சள் கொத்துதான் கஷ்டம். கிழங்கை நூலில் கட்டிச் சமாளிங்க.

2023 ஜூலை 20-ல் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்தினப்போ, அமெரிக்காவின் இந்தியக் கடைகளில் மூட்டை மூட்டையா அள்ள வரிசை நின்றது. அதே கடைகளில்தான் சாமை பாக்கெட்டும் இருக்கும். ஒரு கப் சாமை, அரை கப் பாசிப்பருப்பு, நாலு கப் தண்ணீர், ஒன்றரை கப் வெல்லம்... சர்க்கரைப் பொங்கல் ரெடி!

ஒரு குழப்பம் மட்டும் வரும். வட இந்தியர்கள் விரதத்துக்கு வாங்கும் 'சமா' நம்ம சாமை இல்லை, பெரும்பாலும் குதிரைவாலி. லேபிளில் 'லிட்டில் மில்லட்' என்று இருக்கான்னு பாருங்க. லேசா பழுப்பா இருந்தால் தவிடு மிச்சம் இருக்குன்னு அர்த்தம், நல்லது. ஆனால் சீக்கிரம் சிக்கு வாடை வரும், ஃப்ரிட்ஜில் வைங்க.

வேடிக்கை என்னன்னா, சாமைக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில்தான் அது குறைஞ்சுபோச்சு. 70 கொண்டை ஊசி வளைவு தாண்டி மேலே போனால், சாமைக் காடாக இருந்த இடங்களில் இன்னைக்கு மரவள்ளி. அதை வாங்க சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் இருக்கு. சாமைக்கோ உமி கெட்டி, மணி பொடிசு. உரலில் குத்திக் குத்திக் கை ஓய்ந்தது பெண்களுக்குத்தான். அவங்க அலுத்துக்கிட்டதில் தப்பே இல்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே விதைகளைக் காப்பாற்றவும், ஊரிலேயே உமி நீக்கும் மில் வைக்கவும் வேலை செய்துட்டு வருது.

கட்டவெட்டிச் சாமை, வெள்ளப்பெருஞ்சாமைன்னு மலையில் வகைக்கு ஒரு பேர் உண்டு. நியூஜெர்சி பாக்கெட்டில் வெறும் 'சாமை'தான். அந்த வகைதான் வேணும்னா மலைக்குப் போகணும். அதுவும் அந்த வருஷம் யாராவது விதைச்சிருந்தால்.