சீலோவாம் கோபுரமும் சிவகாசிச் செய்தியும்





காணிக்கையோடு நீங்கள் எழுதி அனுப்பும் கடிதங்களில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "அதிகாலையில் வேதம் வாசித்து ஜெபித்து எழும்புகிறோம், மனம் நிறைவாக இருக்கிறது. பிறகு செய்தித்தாளைப் பிரிக்கிறோம். பத்து நிமிஷத்தில் அந்தச் சமாதானம் போய்விடுகிறது. இரண்டையும் எப்படிச் சேர்த்து வாசிப்பது?" என்பதே அது. ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கத்துச் சபைகளுக்கு மருத்துவமனை ஊழியத்தைக்குறித்துப் பேசப் போகும்போதும் இதையே கேட்கிறார்கள். மனம் கலங்குகிறது என்று செய்தித்தாளையே நிறுத்திவிட்டவர்கள் உண்டு. வேறு சிலர் விடாமல் வாசிக்கிறார்கள். ஆனால் பூமியதிர்ச்சி எங்கே, யுத்தம் எங்கே என்று பார்த்து, வெளிப்படுத்தின விசேஷத்தில் எந்த அதிகாரம் நிறைவேறுகிறது என்று குறித்து வைப்பதற்காகவே வாசிக்கிறார்கள். இந்த இரண்டு வழியும் எங்களுக்குத் திருப்தியாக இல்லை.

ஆண்டவரிடத்திலேயே ஒருநாள் அன்றைய செய்தி கொண்டுவரப்பட்டது. லூக்கா 13ஆம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்களை வேதத்தைத் திறந்து வாசித்துப் பாருங்கள். பலியிட வந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றுபோட்ட செய்தியைச் சிலர் வந்து சொல்லுகிறார்கள். அது அரசாங்கம் செய்த கொலை. அதற்குப் பதில் சொல்லும்போது ஆண்டவர் தாமாகவே இன்னொரு செய்தியை எடுக்கிறார்: சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்தது. அது விபத்து. எருசலேமில் எல்லாருக்கும் தெரிந்த செய்தியாக அது இருந்திருக்க வேண்டும். விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை. இறந்தவர்களின் எண்ணிக்கைகூட அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை நாங்கள் வாசிக்கும்போதெல்லாம் நின்று யோசிக்கிறோம். அவர் செய்தியை ஒதுக்கவில்லை. இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்ற எண்ணத்தை மட்டும் மறுத்தார். அதன்பின், கேட்டுக்கொண்டு நின்றவர்களின் பக்கமாகச் செய்தியைத் திருப்பிவிட்டார்.

நம் பகுதியில் சீலோவாமுக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. ராயகிரியிலிருந்து தென்கிழக்கே சங்கரன்கோவிலுக்குப் போய், அங்கிருந்து வடகிழக்கே திருவேங்கடத்தைத் தாண்டினால் வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி வட்டாரம் வந்துவிடுகிறது. மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் தண்ணீர் அந்தக் கரிசல் காட்டுக்கு இல்லை. மழை பொய்த்தால் பட்டாசு ஆலையின் வேன்தான் வீட்டுக்குச் சோறு போடுகிறது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். உள்ளே வேலை செய்தவர்கள் மட்டுமல்ல, முதல் வெடிச்சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். 2021 பிப்ரவரி 12ஆம் தேதி சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 17ஆம் தேதி வெம்பக்கோட்டை அருகே 10 பேர். இவை பெரிய எழுத்தில் வந்தவை. ஒருவர், இருவர் இறந்த செய்திகள் உள்பக்கத்தின் ஒரு மூலையில் வந்து போகின்றன.

இந்தச் செய்திகளில் ஒரு வரி மாறுவதேயில்லை: மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடித்தது என்பது. அது உண்மைதான். அலுமினியப் பவுடர் சேர்ந்த மருந்துக்குச் சிறு உராய்வு போதும். ஈரம் பட்டுத் தானாகவே சூடேறி வெடிப்பதும் உண்டு. ஆனால் ஒரு அறையில் நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு மேல் ஏன் இருந்தார்கள்? உரிமம் ஒருவர் பெயரிலும் வேலை உள்குத்தகைக்கு எடுத்த வேறொருவர் கையிலும் ஏன் இருந்தது? தீபாவளி நெருங்கும்போது மரத்தடியிலும் தகரக் கொட்டகையிலும் வேலை ஏன் நடக்கிறது? இவற்றைக் கேட்டால் உராய்வுக்கு முன்பே வேறு காரணங்கள் நிற்பது தெரியும். கோபுரம் விழுந்தது என்பது செய்தி. யார் கட்டியது, எதை மிச்சப்படுத்திக் கட்டியது என்பது செய்திக்குப் பின்னால் இருப்பது.

அன்று காலை உங்கள் வேதவாசிப்பு அட்டையில் யாக்கோபு 5ஆம் அதிகாரம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுப்புக்காரருக்குக் கொடுக்காமல் நிறுத்திவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று அப்போஸ்தலன் எழுதுகிறார். இந்தப் பகுதியை நாம் பலமுறை வாசித்து, அது பணக்காரருக்கு என்று கடந்து போயிருப்போம். அதே மேஜையில் அன்றைய செய்தி இருந்தால் அப்படிக் கடந்து போக முடிவதில்லை. கிறிஸ்துமஸ் இரவிலும், புத்தாண்டு ஆராதனை முடிந்து ஆலயத்தைவிட்டு வெளியே வரும்போதும் நம் சபைகளில் சரம் சரமாக வெடிக்கிறார்கள். விலை மலிவாகக் கிடைக்கும் கடையைத் தேடித்தான் வாங்குகிறோம். அது எப்படி மலிந்தது என்று கேட்பதில்லை. வெடி வாங்காதிருங்கள் என்று எழுதிவிடுவது எங்களுக்கு எளிது. அந்த வேனுக்காகக் காலையில் காத்து நிற்கிற பெண்களிடம் போய் அதைச் சொல்லுவது எளிதல்ல. வேலையும் வேண்டும், உயிரும் வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். இந்த இடத்தில் எங்களிடம் சுலபமான பதில் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியோடு ஜெபத்துக்கு முழங்கால்படியிடுவதும், கேள்வியே இல்லாமல் முழங்கால்படியிடுவதும் ஒன்றல்ல. சொல்லப்போனால், உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினவசனக் காலண்டரும் பெரும்பாலும் அந்தச் சிவகாசியில் அச்சானதாகத்தான் இருக்கும்.

சிவகாசி என்றதும் பழைய திருநெல்வேலி சபைகளுக்கு இன்னொரு நினைவும் வரவேண்டும். 1854இல் வடதிருநெல்வேலியில் கூடாரம் சுமந்து ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்லும் ஊழியத்தைத் தொடங்கிய ராக்லாந்து ஐயர் 1858 அக்டோபர் 22ஆம் தேதி மரித்தது அந்த ஊரில்தான்.

வேதத்தில் சீலோவாம் என்ற பெயர் மறுபடியும் வருகிறது. யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவிக்குருடனைக் கண்டதும், இது யார் செய்த பாவம், இவனா இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். அங்கேயும் ஆண்டவர் அந்தக் கேள்வியை மறுத்துவிட்டு, அவன் கண்களில் சேற்றைப் பூசி, சீலோவாம் குளத்தில் கழுவும்படி அனுப்புகிறார். கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததும் சீலோவாமில். குருடன் பார்வையடைந்ததும் சீலோவாமில். எருசலேமில் 2004ஆம் ஆண்டு கழிவுநீர்க் குழாய் வேலைக்காகத் தோண்டியபோது இந்தக் குளத்தின் படிக்கட்டுகள் வெளியே வந்தன. இன்று யாரும் போய்ப் பார்க்கலாம். அதே 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி, ஓய்வுநாள் காலையில், சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கும் மேல் இறந்தார்கள். அது இன்ன பாவத்துக்கு வந்த நியாயத்தீர்ப்பு என்று துணிந்து பேசினவர்கள் உண்டு. லூக்கா 13ஐ வாசித்துவிட்டு எப்படி அப்படிப் பேச முடிந்தது என்று எங்களுக்கு இன்றும் விளங்கவில்லை. கட்டிலில் கிடக்கும் நோயாளியும் இதையே கேட்கிறார்: "நான் என்ன பாவம் செய்தேன்?" மருத்துவமனை ஊழியம் செய்கிறவர்கள் இதற்கு வாயால் பதில் சொல்லுவதற்குமுன், சேற்றைப் பூசும் வேலையைச் செய்தாக வேண்டும்.

அந்த வேலைக்கு எவ்வளவு நாள் ஆகும் என்பதைச் செய்தித்தாள் சொல்லாது. வெடிவிபத்துச் செய்தி மூன்று நாள் இருக்கும்: முதல் நாள் தீ, இரண்டாம் நாள் நிவாரண அறிவிப்பு, மூன்றாம் நாள் கைது. நாலாம் நாள் வேறு செய்தி. தீக்காயமோ அப்போதுதான் தன் வேலையைத் தொடங்குகிறது. உயிர் தப்பினவர்களுக்கு முதல் வாரங்களில் கிருமி தொற்றாமல் காக்க வேண்டும். ஆழ்ந்த காயங்களுக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும். காயம் ஆறிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பின பிறகும் தழும்பு மாதக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். பயிற்சி இல்லாவிட்டால் விரல்கள் உள்ளங்கையோடு மடங்கிவிடும். கழுத்தில் பட்ட காயமானால் மோவாய் நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். இறுக்கமான அழுத்த உடையை நாளில் 23 மணி நேரம் வரை, ஒரு வருஷமோ அதற்கு மேலோ போட்டிருக்க வேண்டும். நம் வெயிலில் அது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய காயங்கள் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போய்விடுகின்றன. மடங்கின கையோடு, பஸ் செலவுக்குப் பயந்து பாதியில் பயிற்சியை நிறுத்தினவர்கள்தான் கிராமப்புறத்துச் சிறிய மருத்துவமனைகளின் வாசலுக்கு வருகிறார்கள். (தீப்பட்டவுடன் சுத்தமான குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் விட வேண்டும். பேனா மை, பற்பசை, முட்டையின் வெள்ளைக்கரு எதுவும் வேண்டாம். உங்கள் ஓய்வுநாள் பள்ளியிலும் பெண்கள் ஐக்கியத்திலும் இதைச் சொல்லுங்கள்.)

இந்த மூன்று நாள் செய்தியையும் பல மாதக் காயத்தையும் இணைக்கும் வேதபகுதி நெகேமியா முதல் அதிகாரம். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது என்ற செய்தி ஒரு பிரயாணியின் வாயிலிருந்து அவருக்கு வந்தது. அது கிஸ்லேயு மாதம். நம் கணக்கில் கார்த்திகை, மார்கழி. ராஜாவிடம் அவர் வாய் திறந்தது நிசான் மாதம், பங்குனி, சித்திரை. இடையில் நாலு மாதம். உட்கார்ந்து அழுதார், உபவாசித்தார், தானும் தன் தகப்பன் வீட்டாரும் செய்த பாவத்தையும் சேர்த்து அறிக்கையிட்டார். ராஜா கேட்டபோது எத்தனை காலம் ஆகும், மரம் எங்கே கிடைக்கும் என்பது வரைக்கும் அவரிடத்தில் பதில் இருந்தது. நாலு மாதம் ஒரே செய்தியைச் சுமந்தவருக்குத்தான் அந்த விவரம் தெரியும். தினம் ஒரு புதுச் செய்திக்காகப் பெருமூச்சு விடுகிறவருக்கு அது வராது. ஆகையால் பங்காளர்களுக்கு நாங்கள் சொல்லுவது: எல்லாச் செய்திக்காகவும் ஜெபிக்கப் பார்க்காதிருங்கள். ஒன்றை எடுங்கள், அதை நாலு மாதம் விடாதிருங்கள்.

எப்படி ஜெபிப்பது என்பதற்கு எசேக்கியா ராஜா நல்ல மாதிரி. அசீரியர் அனுப்பிய மிரட்டல் நிருபத்தை அவர் வாசித்து, ஆலயத்துக்குக் கொண்டுபோய், கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தார் (2 இராஜாக்கள் 19). செய்தித்தாளை விரித்து வைத்தபடியே ஜெபிப்பதில் பக்திக்குறைவு ஒன்றுமில்லை. இது புதுப் பழக்கமும் அல்ல. வில்லியம் கேரி 1793இல் இந்தியாவுக்கு வருவதற்குமுன், மோல்டனில் செருப்புத் தைக்கிற இடத்தின் சுவரில் பல தாள்களை ஒட்டி உலகப் படம் வரைந்து, ஒவ்வொரு தேசத்தின் ஜனங்களைக்குறித்துத் தெரிந்ததையெல்லாம் அதில் எழுதி வைத்திருந்தார். அதற்கும் முன்னே, 1710 முதல், தரங்கம்பாடி மிஷனரிகளின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் அச்சாகி, காணிக்கை கொடுத்தவர்களின் வீடுகளுக்குப் போயின. தமிழ்நாட்டைக் கண்ணால் காணாத அவர்கள் அந்தத் தாள்களை வேதத்தோடு சேர்த்து வைத்து ஜெபித்தார்கள். உங்கள் கையில் இருக்கும் இந்தச் செய்திமடலும் அந்த வழியில் வந்ததே.

ஒரு எச்சரிப்பும் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது செய்தி கைப்பேசியில் வருகிறது. "உடனே ஜெபியுங்கள், பத்து பேருக்கு அனுப்புங்கள்" என்று வருகிறது. ஆப்கானிஸ்தானில் மிஷனரிகள் நாளை கொல்லப்படப் போகிறார்கள் என்ற ஒரு செய்தி பல வருஷங்களாகத் தேதியே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது, அது நிஜமல்ல. பொய்ச் செய்தியைப் பரப்புவது பொய்ச்சாட்சிதான், ஜெபக்குறிப்பு என்று அதற்குப் பெயர் வைத்தாலும். நன்றாய் விசாரித்து நிச்சயப்படுத்தின பிறகே தீர்ப்புச் செய்ய வேண்டும் என்பது உபாகமம் 13இல் இருக்கும் ஒழுங்கு. யாருக்கு, எந்த ஊரில், எந்தத் தேதியில் என்று தெரியாத செய்தியை நாங்கள் ஜெபக்கூட்டத்தில் வாசிப்பதில்லை.

வெளிநோயாளிகள் பிரிவைத் திறக்குமுன் நடக்கும் எங்கள் காலை ஜெபத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். இடப்பக்கத்தில் தேதியும் அன்றைய வேதபகுதியும். வலப்பக்கத்தில் செய்தியிலிருந்து ஒரே ஒரு வரி. அதன் கீழே, இந்தப் பகுதி இந்தச் செய்தியைக்குறித்து நம்மிடம் என்ன கேட்கிறது என்று இரண்டு வரி. அதற்கு மேல் எழுத விடுவதில்லை, எழுதினால் பிரசங்கமாகிவிடும். ஒவ்வொரு மாதத்தின் முதல் திங்கட்கிழமையும் நாலு மாதத்துக்கு முந்தைய பக்கங்களைத் திருப்பி வாசிக்கிறோம். அதில் எழுதின குடும்பம் என்ன ஆயிற்று, நிவாரணம் கைக்கு வந்ததா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா, கை நீள்கிறதா என்று அந்த ஊர் உபதேசியாரையோ கிராம சுகாதார செவிலியரையோ கேட்கிறோம். வீட்டிலும் இப்படிச் செய்யலாம். அதற்கென்று டைரி வாங்க வேண்டாம். பிள்ளைகள் போன வருஷம் எழுதி மீதி வைத்த நோட்டில் பின்பக்கங்கள் இருக்கும்.