நெறியாளரோடு மாறுபடும் முறைமை: திருத்தணி இராதாகிருஷ்ணனின் முதுகலை ஆய்வேட்டை முன்வைத்து

முன்னுரை

முனைவர் பட்ட ஆய்வில் ஆய்வாளருக்கும் நெறியாளருக்கும் இடையே கருத்து வேறுபாடு தோன்றுவது இயல்பே. அதனை எவ்வாறு வெளிப்படுத்துவது என்பதறியாது வாளாவிருக்கும் ஆய்வாளர், தாம் உடன்படாத முடிவையே எழுத நேர்கிறது. வாய்மொழித் தேர்வில் அதனை நிறுவவும் இயலாது போகிறது. மாறுபடுதற்குரிய முறைமையை ஒரு சான்றின்வழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருத்தணி மாணவரின் ஆய்வேடு

ஆந்திர எல்லையை அடுத்த திருத்தணியில் 1888இல் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், திருப்பதியிலும் வேலூரிலும் பயின்றபின், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் மெய்யியல் கற்றார். அங்கு அவருக்குக் கற்பித்தவருள் ஒருவர் ஸ்காட்லாந்து மறைப்பணியாளரான ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக். வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமில்லை என்னும் குற்றச்சாட்டு அக்காலத்தில் வழங்கியது. அதற்கு மறுமொழியாகவே இராதாகிருஷ்ணன் தம் முதுகலை ஆய்வேட்டை அமைத்தார். அது 1908இல் நூலாகவும் வெளிவந்தது. அவ்வேடு ஹாக்கின் மனத்தைப் புண்படுத்துமோ என அவர் அஞ்சினார். ஹாக்கோ அதனை மிகச் சிறந்த பணியெனப் பாராட்டினார்.

இந்நிகழ்விலிருந்து இரு கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, மறுப்பு ஆளை நோக்காமல் கருத்தை நோக்கியது. மற்றொன்று, அது ஆசிரியர் படித்து மதிப்பிடத்தக்க எழுத்து வடிவில் அமைந்தது.

நன்னூல் காட்டும் அளவு

ஆசிரியர் உரைத்ததை முழுமையாகக் கொண்டாலும் மாணவர் பெறுவது கால்கூறே என்றும், உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால்கூறும், பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் என்றும் நன்னூலின் பொதுப்பாயிரம் வகுக்கிறது. எனவே, எடுத்துரைக்கும் கடமை ஆய்வாளருக்கும் உரியது.

இன்றைய நடைமுறை

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, ஒரே காலத்தில் பேராசிரியர் 8, இணைப்பேராசிரியர் 6, உதவிப்பேராசிரியர் 4 முனைவர் பட்ட ஆய்வாளர்கள் வரை நெறிப்படுத்தலாம். ஆகவே, ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நேரம் சிறிது. அதனைப் பயன்கொள்ளும் வழிகள் பின்வருமாறு:

1. சந்திப்புக்கு முன்னரே முடித்த பணி, எழுந்த ஐயம், வேண்டும் முடிவு ஆகியவற்றை ஒரு பக்க அளவில் எழுதி அனுப்புதல்.

2. மாறுபடும் இடத்தில் நெறியாளரின் கருத்தைக் குறைக்காது முதலில் எழுதி, பின்னர்த் தம் தரவுகளை நிரல்படுத்தி, அவற்றுள் எது போதாது எனக் கேட்டல்.

3. சந்திப்பின் முடிவுகளை அன்றே நாளிட்டு எழுதி, நெறியாளரின் பார்வைக்கு அனுப்புதல்.

இவற்றுக்குப் பின்னரும் இணக்கம் தோன்றாவிடின், பருவந்தோறும் ஆய்வாளர் தம் பணியை முன்வைக்க வேண்டிய ஆய்வு ஆலோசனைக் குழு உரிய களமாகும். அங்கும் முன்னர் எழுதிய குறிப்புகளே சான்றாகும்.

முடிவுரை

பணிவு என்பது கருத்தை மறைத்தல் அன்று. அதனை ஆராயத்தக்க வடிவில் ஆசிரியர்முன் வைத்தலாகும். அதனை நடுநிலையோடு மதிப்பிடுதல் நெறியாளரின் கடன். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தமையே 1908ஆம் ஆண்டு ஆய்வேடு உணர்த்தும் பாடமாகும்.