பின்சக்கர இயக்கப் பிக்கப் வண்டியும் அதன் டயர்களும்

விளைபொருளைச் சந்தைக்கும் நூல் சிப்பங்களை நெசவாளர் இல்லங்களுக்கும் கொண்டு சேர்க்கச் சிறு பார வண்டி இன்று இன்றியமையாததாகிவிட்டது. அதனை வாங்கும்போது எஞ்சினின் வலிமை, ஏற்றக்கூடிய பாரம், கடன் தவணை ஆகியவற்றைத் தீர விசாரிக்கும் அங்கத்தினர்கள், தொழிற்சாலையிலிருந்து வண்டியோடு வரும் டயர்களைப் பற்றி வினவுவது அரிது. ஆனால் வண்டி நிற்பதும் திரும்புவதும், ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் உள்ளங்கை அகல இடத்தைப் பொறுத்தனவே.

இவ்விஷயம் தெளிவாக விளங்குவது அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆகும். அங்கே பிக்கப் வண்டி பல குடியானவர்களின் அன்றாட வாகனம். ஒரே வண்டி கோடையில் பெருமழையிலும், குளிர்காலத்தில் வெண்பனி மூடிய சாலையிலும் ஓட வேண்டியிருக்கிறது. ஆதலால் அவ்வனுபவத்தை ஆராய்வது நமக்கும் பயன் தரும்.

முதலில் பாரப் பங்கீட்டைக் கவனிப்போம். பிக்கப்பின் எஞ்சினும் ஓட்டுநர் அறையும் முன்புறத்தில் உள்ளன. பின்தட்டு காலியாக இருக்கையில், மொத்த எடையில் ஏறக்குறைய 100க்கு 60 பங்கு முன் சக்கரங்களின்மீதே விழுகிறது. வண்டியை உந்துவனவோ பின் சக்கரங்கள். உழைக்க வேண்டிய சக்கரத்தின்மீது பாரம் குறைவாயிருப்பதால் அதன் பிடிப்பும் குறைகிறது. ஈரச் சாலையில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென அழுத்தினால் பின் சக்கரம் வழுக்குகிறது. வளைவாயின் வண்டியின் வால் வெளிப்புறமாக வீசப்படுகிறது. அளவாகப் பாரம் ஏற்றிய வண்டிக்கு இந்த இடர் குறைவு. ஆகவே சந்தையில் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் பயணமே கூடுதல் எச்சரிக்கைக்கு உரியது.

இனி டயரைப் பார்ப்போம். அந்நாடுகளில் இத்தகைய வண்டிகளோடு பெரும்பாலும் வருவது 'எல்லாப் பருவ டயர்' எனப்படும் வகை. மழையில் அது தக்கவாறு பணிபுரிகிறது. ஓட்டுநர்கள் 'பட்டன்' என்று வழங்கும் மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் நீரை வெளியேற்றி, ரப்பர் சாலையைத் தொட வழி செய்கின்றன. வேகம் மிகுந்தால் நீர் வெளியேற நேரம் போதாது; டயர் நீரின்மேல் மிதக்கிறது. அப்போது ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் வண்டி கட்டுப்படாது.

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1960களில் விமான டயர்களைக் கொண்டு இதனை ஆராய்ந்தது. மிதக்கத் தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்று கண்டனர். அக்கணக்கின்படி சதுர அங்குலத்துக்கு 36 பவுண்டு அழுத்தமுள்ள டயர் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்திலும், 25 பவுண்டு மட்டுமே உள்ளது சுமார் 83 கிலோமீட்டரிலும் மிதக்கத் தொடங்கும். பட்டன் தேய்ந்த டயர் குறைந்த நீரிலேயே இந்நிலையை எய்தும்.

வெண்பனியில் கதை வேறு. வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்க இறங்க, எல்லாப் பருவ டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கிறது. குளிர்கால டயரின் ரப்பரோ குளிரிலும் நெகிழ்ந்திருக்கிறது. அதன் நுண்ணிய கீறல்கள் பனியைக் கவ்வுகின்றன. டயரின் பக்கத்தில் 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்துகளைக் கண்டு, பனிக்கு ஏற்றது என நம்பிவிடுதல் தவறு. அது பள்ளங்களின் அமைப்பை மட்டுமே குறிப்பது. மும்முடி மலையும் பனித்துகளும் பொறித்த முத்திரையே பனியில் சோதிக்கப்பட்டதற்கு அடையாளம். அது வட அமெரிக்காவில் 1999இல் வழக்கத்திற்கு வந்தது. கனடாவின் கியூபெக் மாகாணம் 2008 முதல் கார் முதலிய வாகனங்களுக்குக் குளிர்கால டயரைச் சட்டப்படி கட்டாயமாக்கியுள்ளது.

பின்தட்டில் மணல் மூட்டைகளை ஏற்றுவது அங்கே பழைய வழக்கம். பின் அச்சுக்கு நேர்மேலே வைத்து, நகராதபடி கட்டினால் சக்கரத்தின் பிடிப்புக் கூடும். கட்டாத மூட்டையோ பிரேக் போடுகையில் முன்னே பாய்ந்து தீங்கு விளைவிக்கும். நான்கு சக்கர இயக்கமும் வண்டியைக் கிளப்பத்தான் உதவும். நிறுத்துவதற்கு டயரையே நம்ப வேண்டும்.

நம் ஊர்ச் சாலைகளில் பனிப்பொழிவு இல்லை; ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை உண்டு. நாம் பயன்படுத்தும் சிறு பார வண்டிகளிலும் பல பின்சக்கர இயக்கமுடையவையே. நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில் சாலையிலுள்ள எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து பெரிதும் வழுக்கும். எனவே அங்கத்தினர்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்பது நலம்.

டயரில் காற்று குளிர்ந்திருக்கும்போதே அழுத்தத்தை அளந்து, வண்டியில் குறித்துள்ள அளவுக்குச் சரிசெய்தல் வேண்டும். பள்ளத்தின் அடியிலுள்ள தேய்மானக் குறி, 1.6 மில்லிமீட்டர் ஆழமே எஞ்சியுள்ளது என்பதை உணர்த்தும். மழைக்காலத்திற்கு அதுவரை காத்திராமல் முன்னரே மாற்றுவது உத்தமம். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின்புறத்தில் மாட்டுக. ஈரச் சாலையில் வேகத்தைக் குறைத்து, முன் செல்லும் வண்டிக்கு இடைவெளி விடுக. பின்புறம் வழுக்கினால் பிரேக்கை மிதியாமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வால் செல்லும் திசையிலேயே ஸ்டீயரிங்கைத் திருப்புக.

சங்கங்கள் தம் வண்டிக்கெனப் பராமரிப்பேடு வைத்திருந்தால், அதில் டயரின் காற்றழுத்தத்தையும் பள்ளத்தின் ஆழத்தையும் மாதந்தோறும் குறிக்க ஒரு பத்தி ஒதுக்குதல் தகும். ஒரு டயரின் விலையைச் சேமிக்க எண்ணி ஓட்டுநரின் உயிரையும் உறுப்பினரின் சரக்கையும் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் லாபமாகாது.