அச்சில் வாராத கூலிச் சீட்டு

பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் ஒருவர் நெய்து முடித்த சேலையைச் சங்கத்தில் ஒப்படைக்கிறார். எடை பார்த்து, பெற்றுச் சென்ற பாவு, ஊடை, சரிகை ஆகியவற்றின் கணக்கை நேர் செய்து, கூலி இன்னதென்று பதிந்தபின், அதற்குரிய சீட்டு அவர் கைக்கு வந்தாக வேண்டும். பின்னாளில் ஐயம் எழுமாயின் அவருக்கு ஆதாரம் அச்சீட்டே. திரையில் தோன்றி மறையும் தொகை அங்கத்தினருக்குச் சான்றாகாது.

பாக்ஸ்புரோ, கிளிப்பர் முதலியவற்றைக் கொண்டு டாஸ் முறையில் எழுதப்பட்ட பழைய கணக்குப் புரோகிராம்களை வைத்திருக்கும் அலுவலகங்களில், புதிய கணினி வந்ததும் அச்சு நின்றுவிடுவதுண்டு. கூட்டலில் பிழை இராது; காகிதம் மட்டும் வாராது. புரோகிராம் கெட்டுவிட்டதென்று பழைய கணக்கையே கைவிட முற்படுவது தகாது. காரணத்தை அறிந்தால் பரிகாரம் உண்டு.

காரணம் யாதெனில், டாஸ் புரோகிராம் அச்சுப்பொறியுடன் நேரே பேசும் வழக்கமுடையது. எல்பிடி1 என்னும் வாயிலுக்கு அது எழுத்துகளை அனுப்பும். டாட் மேட்ரிக்ஸ் பொறி அவற்றை வந்தவாறே அடிக்கும். இன்றைய அச்சுப்பொறிகளோ பெரும்பாலும் யுஎஸ்பி வழியே இணைக்கப்பட்டு, விண்டோஸின் ஏற்பாட்டின்படி இயங்குகின்றன. எல்பிடி1 வாயிலில் பொறி எதுவும் இல்லாதபோது, அனுப்பிய எழுத்துகள் போய்ச் சேர இடமில்லை.

எனவே படிப்படியாகச் சோதித்தல் வேண்டும்.

முதற்படி: புரோகிராம் திறக்கிறதா? 64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் புரோகிராம்கள் இயங்கா. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே உள்ளது. அத்தகைய கணினியில் விடாஸ், டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போன்ற துணை மென்பொருளுக்குள் புரோகிராமை இயக்கலாம். இவ்விரண்டும் அச்சிடவும் வழி செய்கின்றன. 32 பிட் விண்டோஸ் 10இல் பழைய முறை இயங்கும். ஆயினும் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது.

இரண்டாம்படி, 32 பிட் கணினிக்குரியது: அச்சுப்பொறிக்கு இடைவெளியற்ற சிறு பெயரிட்டு, அதனைப் பகிர்வுக்கு விடுக. பின்னர்க் கட்டளைத் திரையில், ‘நெட் யூஸ் எல்பிடி1: \\கணினிப்பெயர்\பொறிப்பெயர் /பெர்சிஸ்டென்ட்:யெஸ்’ என்பதை ஆங்கில எழுத்துகளில் இடுக. எல்பிடி1க்கு வரும் எழுத்துகள் இனிப் பகிர்ந்த பொறிக்குச் செல்லும். இறுதிச் சொல், மறுமுறை உள்நுழையும்போதும் இவ்விணைப்பு நிலைப்பதற்கானது.

மூன்றாம்படி: ‘டிர் > எல்பிடி1’ என்று அவ்வாறே இட்டுப் பார்க்க. கோப்புப் பட்டியல் அச்சானால் வழி சரி; குறை புரோகிராமின் அமைப்பில் உள்ளது. ஒன்றும் வாராவிடில் வழியிலோ பொறியிலோ குறையுண்டு. மலிவான லேசர் பொறிகள் சில, வெற்றெழுத்துகளைத் தாமே புரிந்துகொள்ள மாட்டா. தாள் பாதியில் நின்றால், பக்கம் முடிந்ததென்னும் குறி பொறிக்குச் செல்லவில்லை என்று கொள்க. 132 எழுத்து அகலமுள்ள பேரேடு வரிமடங்கி வந்தால், எழுத்தை நெருக்கும் குறியைப் பொறி ஏற்கவில்லை எனலாம். எப்சன் முறையைப் பின்பற்றும் டாட் மேட்ரிக்ஸ் பொறியில் இத்தொல்லைகள் குறைவு.

இவை யாவும் தற்காலிக ஏற்பாடுகளே. பாக்ஸ்புரோ, கிளிப்பர் கணக்குகள் பெரும்பாலும் டிபிஎஃப் கோப்புகளில் இருப்பதால், அவற்றைப் படியெடுத்து, லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறந்து பார்க்கலாம். பழைய குறிமுறையில் எழுதிய தமிழ்ப் பெயர்கள் உருமாறித் தோன்றக்கூடும். அவற்றை அங்கத்தினர் பதிவேட்டோடு ஒப்பிட்டுத் திருத்துதல் அவசியம். பழைய பாவின் முனையில் புதுப்பாவை இழை இழையாகப் பிணைப்பது நம்மவர் அறிந்த தொழில். கணக்கையும் அவ்வாறே, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதோடு பிணைத்தல் வேண்டும்.

புதிய கணினிக்குப் பணம் கொடுக்குமுன், காரியதரிசிகள் அதில் ஒரு கூலிச் சீட்டை அச்சிட்டுக் காட்டச் சொல்வார்களாக. நெல்லுக்கும் பருத்திக்கும் ரசீது தரும் விவசாயச் சங்கங்களுக்கும் இது பொருந்தும்.