பொருளடைவும் பக்க எண்ணும்

இறையியல் நூலொன்றில் ஒரு கருத்து தொடங்கிய இடத்திலேயே முடிந்துவிடுவதில்லை. உடன்படிக்கை என்னும் கருத்து ஆபிரகாமைப் பற்றிய அதிகாரத்தில் தோன்றி, தீர்க்கதரிசிகளைப் பற்றிய பகுதியில் மீண்டும் எழுந்து, திருவிருந்தைப் பற்றிய விளக்கத்தில் நிறைவு பெறலாம். நூலின் முகப்பிலுள்ள பொருளடக்கம் அதிகாரங்களின் வரிசையைக் காட்டுமேயன்றி, இவ்வாறு பல இடங்களில் திரும்ப வரும் கருத்தைத் தொடர்ந்து காட்டாது. அப்பணியைச் செய்வன நூலின் இறுதியில் அகரவரிசையில் அமையும் பொருளடைவும், இடையிடையே “பக்கம் 84 காண்க” என நிற்கும் உட்குறிப்புகளுமாகும். இவை அச்சகத்தாரின் பொறுப்பு எனப் பலர் கருதுகின்றனர். ஆயினும் பொருளடைவு அமைத்தல் பொருள் விளக்கத்தின் ஒரு பகுதியே. அதனைப் பிறரிடம் விட்டுவிடும் ஆசிரியர் தம் நூலுக்கு விளக்கம் கூறும் உரிமையையும் விட்டுவிடுகின்றார். இதனை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

1. பக்க எண்ணுக்கு முன்

கையெழுத்துப் படிகளின் காலத்தில் பக்க எண்ணால் இடங்காட்டுதல் பயனற்றதாயிருந்தது. ஒருவர் எழுதிய படியின் பன்னிரண்டாம் ஏடு மற்றொருவர் படியில் பதினைந்தாம் ஏடாயிருக்கும். ஆகவே நூலுக்குள்ளேயே மாறாத பிரிவுகளை ஏற்படுத்த வேண்டியதாயிற்று. நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயர் யூசேபியஸ் நான்கு சுவிசேஷங்களின் பிரிவுகளுக்கு எண்ணிட்டுப் பத்து அட்டவணைகளை அமைத்தார். மத்தேயுவில் மட்டும் 355 பிரிவுகள் உள்ளன. நால்வரும் கூறும் செய்திகள் முதல் அட்டவணையிலும், ஒருவர் மட்டுமே கூறுவன பத்தாம் அட்டவணையிலும் இடம்பெற்றன. ஓரத்திலுள்ள எண்ணைக் கண்டவர், அதே செய்தி வேறெங்குள்ளது என்பதை அட்டவணையால் அறிந்தார்.

திருமறையின் இன்றைய அதிகாரப் பிரிவு, 1228இல் காலமான ஸ்டீபன் லாங்டன் பெயரால் வழங்குவது. அவ்வதிகாரங்களை அடிப்படையாகக் கொண்டு, 1230களில் பாரிஸ் நகரத்துத் தொமினிக்கத் துறவிகள், செயின்ட் ஷேர் ஊரினரான ஹியூ என்பவரின் தலைமையில், இலத்தீன் திருமறைக்கு ஒத்துவாக்கிய அகராதி தொகுத்தனர். வசன எண்கள் அப்போது இல்லாமையால், ஒவ்வொரு அதிகாரத்தையும் ஏழு பகுதிகளாகக் கருதி ஏழு எழுத்துகளால் இடஞ்சுட்டினர். அம்முதல் தொகுப்பு சொல்லையும் இடத்தையும் மட்டுமே தந்தது; வாக்கியத்தைத் தரவில்லை. தேடுவோர் ஒவ்வோரிடத்தையும் திருப்பிப் பார்க்க நேர்ந்தது. எனவே பின்வந்தோர் சொல்லுடன் அது வரும் தொடரையும் சேர்த்தனர். வெறும் எண் வழிகாட்டியாகாது என்னும் பாடம் அன்றே கிடைத்தது.

2. அச்சு தந்த மாற்றம்

அச்சுக்கலை தோன்றியபின், ஒரே பதிப்பின் எல்லாப் படிகளிலும் ஒரு வாக்கியம் ஒரே பக்கத்தில் நின்றது. 1470இல் கொலோன் நகரில் அச்சிடப்பட்ட பிரசங்க நூலொன்று, ஏட்டெண் அச்சிடப்பெற்ற மிகப் பழைய நூல்களுள் ஒன்றாகும். எனினும் பக்க எண் ஒரு பதிப்புக்கே உரியது. பதிப்பு மாறினால் எண்ணும் மாறும். ராபர்ட் எஸ்தியென் 1551இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டுக்கு வசன எண்களை இட்டார். அவை எல்லா மொழிகளிலும் எல்லாப் பதிப்புகளிலும் பயன்படுகின்றன. அவருடைய மகன் ஹென்றி 1578இல் வெளியிட்ட பிளேட்டோவின் நூல்களுக்கோ நேர்மாறான நிலை ஏற்பட்டது: அப்பதிப்பின் பக்க எண்களையே அறிஞர் பிற பதிப்புகளின் ஓரத்திலும் இட்டு இன்றுவரை மேற்கோள் காட்டுகின்றனர். கால்வினின் 1559ஆம் ஆண்டுப் பெருநூலைப் புத்தகம், அதிகாரம், பிரிவு என்னும் மூன்று எண்களால் சுட்டுவதும் பதிப்புகளைக் கடந்து நிற்கும் முறையே. மாணவர் இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ளவேண்டும். பழம்பெரும் நூல்களை உட்பிரிவால் சுட்டுக. ஒரே பதிப்புள்ள நூலைப் பக்கத்தால் சுட்டுக.

3. சொல் வேறு, கருத்து வேறு

ஹெசெத் என்னும் எபிரெயச் சொல்லுக்கு நம் சபைகளில் நெடுங்காலமாக வழங்கும் தமிழ் வேதாகமத்தில் சங்கீதம் 136இல் கிருபை என்றும், ரூத் 1:8இல் தயை என்றும், ஓசியா 6:6இல் இரக்கம் என்றும் காண்கிறோம். சொல்லை மட்டும் தொடர்பவர் இம்மூன்றையும் மூன்று தலைப்புகளில் சிதறடிப்பார். கருத்தை அறிந்தவரோ அவற்றை “மேலும் காண்க” என்னும் குறிப்பால் இணைப்பார். இதற்கு மறுதலையாக, 1 கொரிந்தியரில் சரீரம் என்னும் ஒரே சொல் 6:19இல் விசுவாசியின் உடலையும், 11:24இல் திருவிருந்தின் அப்பத்தையும், 12:27இல் திருச்சபையையும் குறிக்கிறது. “சரீரம்” என்று தலைப்பிட்டு இருபது பக்க எண்களை அடுக்கினால் வாசகர் பயன்பெறார். உட்தலைப்புகளாகப் பிரித்தலே விளக்கம். பவுல் இம்மூன்றையும் தொடர்புபடுத்துகின்றாரா என்னும் கேள்வியையும் அப்பிரிவு வாசகர் முன் வைக்கின்றது.

4. கணிப்பொறியின் எல்லை

ஈயஎழுத்துக் காலத்தில், பக்கங்கள் இறுதியாகக் கட்டப்பட்ட பின்னரே பொருளடைவுக்கு எண்ணிட முடிந்தது. பின்னர் ஒரு பத்தி சேர்ந்தாலும் எண்களெல்லாம் பிழைபட்டன. கணிப்பொறி இத்துன்பத்தை நீக்கியது. டொனால்ட் கனூத் 1978இல் வெளியிட்ட டெக் என்னும் அச்சுக்கோப்பு முறையையும், அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் அமைத்த லாடெக்கையும் எடுத்துக்காட்டாகக் கூறலாம். ஆசிரியர் உரையில் ஓரிடத்திற்கு அடையாளப்பெயர் இடுகின்றார். நிரல் முதல் ஓட்டத்தில் அவ்விடம் விழுந்த பக்க எண்ணைத் தனிக்கோப்பில் குறித்து, மறு ஓட்டத்தில் அதனை உரிய இடங்களில் நிரப்புகின்றது. நிரப்பிய எண்ணால் வரிகள் நகர்ந்தால் மூன்றாம் ஓட்டமும் தேவைப்படும்.

ஆயினும் அடையாளம் இடவேண்டிய இடம் எது என்பதைத் தெரிந்தெடுப்பவர் ஆசிரியரே. சொல்லைத் தேடும் வசதி இதற்கு ஈடாகாது. “பாவம்” என்று தேடினால் “பாவத்தின்”, “பாவங்கள்” என்பன அகப்படா. “பாவ” என்று சுருக்கினால் “பாவனை”யும் வந்து சேரும். மேலும், பாவத்தைப் பற்றி ஆழ்ந்து பேசும் பக்கத்தில் அச்சொல்லே இல்லாதிருக்கலாம். கெட்ட குமாரனின் உவமைக்கு எழுதப்பட்ட விளக்கமொன்றில் மனந்திரும்புதல் என்னும் சொல் வராமலும், அக்கருத்து ஒவ்வொரு வரியிலும் நிற்கலாம்.

5. ஆசிரியருக்குச் சில நெறிகள்

முதலாவது, தற்செயலான குறிப்பைச் சேர்க்காமல், கருத்து விளக்கம் பெறும் இடத்தையே சேர்க்கவேண்டும். இரண்டாவது, ஒரு தலைப்பின்கீழ் ஆறேழு எண்களுக்கு மேல் வருமாயின் உட்தலைப்புகளாகப் பிரிக்கவேண்டும். மூன்றாவது, ஒருபொருட் சொற்களுள் ஒன்றைத் தலைப்பாகக் கொண்டு, மற்றவற்றிலிருந்து “காண்க” என வழிகாட்டவேண்டும். நான்காவது, விளக்கம் பல பக்கங்களுக்குத் தொடர்ந்தால் 112–118 என எல்லை காட்டவேண்டும். தொடக்கப் பக்கம் மட்டும் போதாது. ஐந்தாவது, எடுத்தாண்ட திருமறைப் பகுதிகளுக்குத் தனி அடைவு அமைக்கவேண்டும். பிரசங்கம் ஆயத்தம் செய்யும் ஆயர் முதலில் புரட்டுவது அதுவே.

வாசகருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பொருளடைவு காட்டும் பக்கத்தைத் திறந்து, தமக்கு வேண்டிய ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்து, முன்னும் பின்னும் வாசியாமல் மூடிவிடுகிறவர், வசனத்தைச் சூழலினின்று பிரித்துப் போதிப்பவரின் தவற்றையே செய்கின்றார். எண் நம்மை வாசலில் நிறுத்துகின்றது. உள்ளே சென்று வாதம் முழுவதையும் கேட்பது நம் கடமை. நல்ல பொருளடைவு அமைத்த ஆசிரியர் வாசகருக்கு அந்த வாசலைத் திறந்து வைக்கின்றார். அதனை அமைக்காதவரோ, தாம் பல ஆண்டுகள் உழைத்துக் கண்டதை வாசகர் காணாதவாறு தாமே மறைத்து விடுகின்றார்.